கெட்சார் கொடுப்பது சார் அல்ல

சி மொழியில் எழுதிய புரோகிராமில் இதே பிழை என்னிடம் வருவது இந்த ஆண்டில் இது மூன்றாவது முறை. முதல் இரண்டையும் சிரித்துக்கொண்டே சரிசெய்து கொடுத்தேன். இந்த முறை சிரிப்பு வரவில்லை. லினக்ஸ் ஓடும் ஏஆர்எம் (போனிலும் சின்னக் கருவிகளிலும் இருக்கும் சிப் வகை) போர்டு ஒன்று, ராத்திரி முழுக்க ஒரே லூப்பில் சுற்றி, பிழைச் செய்திகளாலேயே மெமரி கார்டை நிரப்பிவிட்டு என் மேசைக்கு வந்து சேர்ந்தது. "என் லேப்டாப்ல நல்லா ஓடுதுண்ணா" என்றார் எழுதிய தம்பி. அவர் சொன்னது பொய் இல்லை, அங்கே நன்றாகத்தான் ஓடியது.

லெக்ஸரை, அதாவது வரும் எழுத்துகளைச் சொற்களாகவும் எண்களாகவும் பிரிக்கும் பகுதியைத் திறந்தேன். முதல் நான்கு வரிகளே போதும். சார் வகையில் (ஒரு பைட் மட்டும் பிடிக்கும்) ஒரு மாறி, அதில் ஒவ்வொரு பைட்டாகப் படித்துத் தரும் கெட்சார் கொடுப்பதை வாங்குகிறார், "முடிந்தது" என்று சொல்லும் ஈஓஎஃப் வரும்வரை சுற்றுகிறார்.

ஒரு பைட்டுக்கு 0 முதல் 255 வரை 256 மதிப்புகள். கெட்சாருக்கு இவை போக இன்னொரு பதிலும் வேண்டும்: "இனி ஒன்றும் இல்லை". ஆக 257 பதில்கள். அதனால்தான் அது இண்ட், அதாவது சாரைவிடப் பெரிய முழு எண் வகை, கொடுக்கிறது. பெயரில் சார் இருக்கிறதே என்று மரியாதை கொடுத்து சாரிலேயே வாங்கிவிடுகிறார்கள். 256 இருக்கைக்கு 257 பேர் வந்தால் ஒருவர் இன்னொருவர் மடியில்தான் உட்கார வேண்டும்.

யார் மடியில் யார் என்பது மெஷினைப் பொறுத்தது. வெறும் சார் என்றால் அதில் மைனஸ் உண்டா இல்லையா என்பதை சி மொழி, புரோகிராமை மெஷினுக்கு மாற்றித் தரும் கம்பைலரிடம் விட்டுவிட்டது. ஏஆர்எம் லினக்ஸில் மைனஸ் கிடையாது. ஈஓஎஃப்பின் -1 உள்ளே போனதும் 255 ஆகிவிடும். அது திரும்ப -1-க்குச் சமமாகவே ஆகாது. லூப் விடியவிடிய ஓடும். இன்டெல் லினக்ஸில் மைனஸ் உண்டு. அங்கே நடப்பது தலைகீழ்: ஃபைலில் நிஜமாகவே 255 வந்தால் அது -1 ஆகி, பாதியிலேயே முடிந்துவிட்டதாகக் காட்டும். (ஆப்பிள் மேக்கில் சிப் ஏஆர்எம்தான், ஆனால் சாருக்கு மைனஸ் உண்டு. "ஏஆர்எம்லயும் பாத்துட்டேன்" என்று மேக்கைக் காட்டாதீர்கள்.)

255 எங்கே வரப்போகிறது என்று கேட்பீர்கள். இன்று பொதுவாகப் பயன்படும் எழுத்துக் குறியீடான யூடிஎஃப்-8இல் சரியாக எழுதிய ஃபைலில் வராது. லத்தீன்-1 என்ற பழைய குறியீட்டு ஃபைலில் அது தலையில் இரண்டு புள்ளி வைத்த சின்ன ஒய். பாரிஸுக்குத் தெற்கே லாயி-லே-ரோஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது, அதன் பெயரில் அந்த எழுத்து உண்டு. சில வருடம் முன்பு நான் பார்த்த பிரெஞ்சு முகவரிப் பட்டியல் ஒன்று சரியாக அந்த ஊரில் நின்றுபோனது. எந்த எரரும் இல்லை. மிச்ச ஆட்கள் காணாமல் போனதை யாரும் கவனிக்கக்கூட இல்லை.

ஜாவாக்காரர்கள் சிரிக்க வேண்டாம். அங்கே எழுத்து படிக்கும் ரீடரின் ரீட் இண்ட் கொடுப்பதும் இதற்காகத்தான். அதை சாராக மாற்றி -1 உடன் ஒப்பிட்டால் கையில் இருப்பது 65535, எந்த மெஷினிலும் லூப் முடியாது. ஒரு வகையில் அது நல்லது, முதல் நாளே மாட்டிக்கொள்வீர்கள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இதற்கெல்லாம் அடியில் இருக்கும் நம்பிக்கையால்தான்: ஃபைலின் கடைசியில் ஈஓஎஃப் என்று ஓர் எழுத்து உட்கார்ந்திருக்கிறதாம். இல்லை. ரேஷன் கடையில் "சர்க்கரை தீந்துபோச்சு" என்கிறார் கடைக்காரர். அந்தப் பதிலைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டு போவீர்களா? சரக்கும் பதிலும் ஒரே கவுண்டர் வழியாக வருகின்றன, அவ்வளவுதான். கேட்காமல் தீர்ந்ததா என்று தெரியவும் தெரியாது. முடிந்ததா என்று பார்க்கும் எஃப்இஓஎஃப் உண்மை என்று சொல்வது ஒருமுறை படிக்கப்போய் வெறுங்கையோடு திரும்பிய பிறகுதான். அதை லூப்பின் தலையில் வைத்து எழுதுகிறவர்கள் கடைசியில் இல்லாத ஒன்றையும் ஒருமுறை அலசிவிட்டுத்தான் நிறுத்துகிறார்கள்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு பூர்வீகம் உண்டு. சிபி/எம் என்ற பழைய இயங்குதளத்தின் காலத்தில் ஃபைலின் அளவு 128 பைட் கட்டுகளாகத்தான் கணக்கில் இருந்தது. கடைசிக் கட்டில் எழுத்து எங்கே முடிகிறது என்று காட்ட 26 என்ற பைட்டை, அதாவது கன்ட்ரோல்-இசட்டை வைத்தார்கள். அந்த வழக்கம் டாஸுக்கு வந்து, விண்டோஸின் டெக்ஸ்ட் மோடில் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதனால் ஃபைலை பைனரி மோடில் திறங்கள். யூனிக்ஸின் கன்ட்ரோல்-டி வேறு கதை. அது உங்கள் புரோகிராமுக்கு வருவதே இல்லை. டெர்மினல் அதை விழுங்கிவிட்டு, வரியின் தொடக்கத்தில் வந்திருந்தால் ரீட் அழைப்புக்கு 0 பைட் என்று பதில் சொல்கிறது.

சரி, இண்ட் ஆக்கியாயிற்று, அப்புறம்? சாரில் வைத்த பைட்டை, இது எழுத்தா என்று பார்த்துச் சொல்லும் இஸ்ஆல்ஃபாவிடம் அப்படியே நீட்டாதீர்கள். 'க' யூடிஎஃப்-8இல் 224, 174, 149. இன்டெல் சாரில் அவை -32, -82, -107. இஸ்ஆல்ஃபாவுக்கு 0 முதல் 255, இல்லையென்றால் ஈஓஎஃப், இவைதான் கொடுக்கலாம். லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சி தன் அட்டவணையை -128 வரை நீட்டி வைத்து உங்கள் தவறை மூடி மறைக்கிறது. விசுவல் ஸ்டுடியோவின் டிபக் பில்ட் மறைக்காது, அங்கேயே நிறுத்திவிடும்.

மாறிப் பெயர்களில் தமிழை அனுமதிக்கப் போகிறீர்கள் என்றால் பைட்டைப் பார்த்து முடிவெடுக்கவே கூடாது. 'கி' என்பது ககரமும் துணைக்குறியும் சேர்ந்த இரண்டு யூனிகோடு குறிகள். துணைக்குறி "எழுத்து" வகையில் சேராது. பைத்தானில் 'கி'யை இஸ்ஆல்ஃபாவிடம் கேளுங்கள், பொய் என்கிறது. மாறிப் பெயராகலாமா என்று பார்க்கும் இஸ்ஐடென்டிஃபையரிடம் கேளுங்கள், உண்மை என்கிறது. லெக்ஸருக்கு வேண்டியது இரண்டாவது கேள்வி.

படித்த எழுத்தைத் திருப்பி வைக்கும் அன்கெட்சியை நம்பியும் இருக்காதீர்கள். அது உத்தரவாதம் தருவது ஒரே ஒரு எழுத்துக்கு. பாஸ்கல் மொழியில் 1 முதல் 10 வரை என்பதற்கு 1..10 என்று வரும்போது 1-க்குப் பின் புள்ளியைப் படித்து, தசமமோ என்று அடுத்ததைப் பார்த்தால் இன்னொரு புள்ளி. இரண்டையும் திருப்பி வைக்க வேண்டுமே? முழு ஃபைலையும் பஃபரில் இழுத்துக்கொண்டு இண்டெக்ஸை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். துண்டு துண்டாகத்தான் படிப்பேன் என்றால், துண்டின் அளவான 4096 பைட், 'க' போன்ற ஒரு குறிக்கு வேண்டிய மூன்று பைட்டால் வகுபடாது என்பதை மறக்காதீர்கள். துண்டின் ஓரத்தில் ஒரு தமிழ் எழுத்து வெட்டுப்படும்.

ஈஓஎஃப் வந்தால், படிப்பதில் பிழையா என்று சொல்லும் எஃப்எரரையும் ஒருமுறை கேளுங்கள், டிஸ்க் பழுதானாலும் இதே பதில்தான் வரும். ஜிசிசி, கிளாங் ஆகிய கம்பைலர்களில் சாரை மைனஸ் இல்லாததாக்கும் ஆப்ஷன் இருக்கிறது. அதைப் போட்டு ஒருமுறை டெஸ்ட் ஓட்டினால் ஏஆர்எம்மின் அந்த லூப் உங்கள் லேப்டாப்பிலேயே தெரிந்துவிடும். காலி ஃபைல், கடைசி வரியில் என்டர் இல்லாத ஃபைல், நடுவில் 255 உள்ள ஃபைல், தமிழ் கமென்ட் உள்ள ஃபைல். இந்த நான்கையும் தயார் செய்யப் பத்து நிமிடம் ஆகுமா?

தம்பி, சார் என்பதை இண்ட் என்று ஒரு வார்த்தைதான் மாற்ற வேண்டும். மாற்றி அனுப்பு, போர்டு இன்னும் என் மேசையில்தான் கிடக்கிறது.