ஐஸ் பெட்டியும் பனிக்கோட்டும்

பாம்பனில் மீன் ஏற்றும் தெர்மோகோல் பெட்டியை உடைத்துப் பார்த்தால் வெள்ளைக் குருணைகளாக உதிரும். அந்தக் குருணைகளுக்குள் இருப்பது பெரும்பாலும் காற்றுதான். நகர வழியில்லாமல் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால்தான் வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஐஸ் தாக்குப்பிடிக்கிறது.

கனடாவிலிருந்து லீவுக்கு வந்த அக்கா மகன் தன் பனிக்கோட்டையும் கொண்டுவந்திருந்தான். அப்பத்தா அதை அமுக்கிப் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, மெத்தையைத் தைச்சுப் போட்டிருக்காக?" என்றார். சரியாகத்தான் சொன்னார். உள்ளே பாலியெஸ்டர் இழைகள், இழைகளுக்கு நடுவே காற்று. ஐஸ் பெட்டி குளிரைக் காப்பதுபோல இது உடம்புச் சூட்டைக் காக்கிறது. வாத்தின் மென்சிறகு இன்னும் கதகதப்புதான். ஆனால் நனைந்தால் கட்டிதட்டிப்போகும். பனியில் விழுந்து புரளும் பிள்ளைக்குப் பாலியெஸ்டரே மேல் என்பேன்.

நனைவதுதான் பெரிய ஆபத்து. காற்றைவிடத் தண்ணீர் ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். பெரியவர்களோடு ஒப்பிட்டால் குழந்தைக்கு எடை குறைவு, அந்த எடைக்குத் தோல் பரப்பு அதிகம். சூடு சீக்கிரம் போய்விடும். இந்தக் கோட்டு லேபிளில் 10,000 மி.மீ. என்று போட்டிருக்கிறது. 10 மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தை இந்தத் துணி தாங்கும் என்று பொருள். நம் பாக் விரிகுடாவில் பல இடங்களில் ஆழமே அவ்வளவுதான். பனிக்கு எதற்கு இத்தனை என்று தோன்றும். ஈரப்பனியில் பிள்ளை முழங்காலை ஊன்றும்போது மொத்த எடையும் ஒரு சின்ன இடத்தில் இறங்குகிறதே!

அப்புறம் வியர்வை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பிளாஸ்டிக் கோட்டுப் போட்டு வலை இழுத்தவர்களுக்குத் தெரியும்: மழை உள்ளே வராது, ஆனாலும் பனியன் பிழியப் பிழிய நனைந்திருக்கும். நீராவி வெளியேற வழியில்லை. 1969-ல் அமெரிக்காவின் பாப் கோர் டெஃப்லான் வகைப் பொருளைச் சட்டென்று இழுத்தபோது, கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் கொண்ட படலம் கிடைத்தது. தண்ணீர் ஒட்டாத பொருள் என்பதால் துளி அந்தத் துளைக்குள் புகாது. நீராவி புகுந்து போய்விடும்.

ஆனால் வெளியே நீராவி குறைவாக இருந்தால்தான் அது போகும். 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். மைனஸ் 5-ல் 3 கிராம் சொச்சம்தான். பனி நாட்டின் வறண்ட காற்றை நோக்கி உடம்பின் ஈரம் தானாகவே ஓடுகிறது. பாம்பனின் ஈரக் காற்றில் அந்த வேகம் வெகுவாகக் குறைந்துவிடும். மொட்டைமாடியில் கோட்டோடு ஐந்து நிமிடம் ஓடிய மருமகனின் கழுத்து சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது.

அங்கேயும் ஓடினால் வியர்க்கும். பருத்தி பனியன் அந்த ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஓட்டம் நின்றதும் உடம்பு குளிர்ந்துவிடும். அதனால் அக்கா உள்ளே கம்பளி உடுப்புதான் போட்டுவிடுகிறாள். விளையாட்டுக்கு நடுவே அவன் பிடரியில் விரல் வைத்துப் பார்க்கிறாள். ஈரமாக இருந்தால், நடுவில் போட்ட ஸ்வெட்டரைக் கழற்றிவிடுகிறாள்.