கடைசித் தெருவிலும் ரிஸ்ட் கார்டு கையில் இருக்கட்டும்

இந்த மாதமும் ஒருவர் வந்துவிட்டார். வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டில் கிடந்த கை, கட்டுப் பிரித்ததும் பிசியோதெரபிக்கு என்னிடம் அனுப்பியிருக்கிறார்கள். இன்லைன் ஸ்கேட்டில், அதாவது ஒரே வரிசையில் சக்கரம் வைத்த காலணியில், பல வருடமாகத் தெருவில் ஓடுகிறவர், நன்றாக ஓடத் தெரிந்தவர். ரிஸ்ட் கார்டு, அதாவது மணிக்கட்டில் மாட்டும் காப்பு, போட்டிருந்தீர்களா என்று கேட்டேன். "பையில இருந்துச்சு" என்றார். வீடு பக்கத்தில் வந்துவிட்டது, வேகமும் இல்லை, அதனால் கழற்றி வைத்துவிட்டாராம். இதே பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

நானும் தெருவில் ஸ்கேட் செய்கிற ஆள்தான். ஆபத்தான விளையாட்டு, விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. இத்தனை வருடத்தில் தெரு எனக்குச் சொல்லிக்கொடுத்தது நிறைய: காலைப் பார்க்காமல் தூரத்தைப் பார், முழங்காலை மடக்கி வை, களைப்பாக இருக்கும் நாளில் பாதியில் திரும்பு. அதிலெல்லாம் முக்கியமானது, விழப்போவதை நாள் பார்த்து முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியாது என்பது. பழகப் பழகத் திறமை கூடும், கண்ணில் பட்ட பள்ளத்தையும் குறுக்கே வரும் வண்டியையும் சமாளித்துவிடுவோம். கண்ணில் படாததுதான் நம்மைக் கவிழ்க்கிறது. திருப்பத்தில் ஒதுங்கிய மணல், மழையில் நனைந்த வெள்ளைக்கோடு, சாக்கடையின் இரும்பு மூடி, விளக்கு இல்லாத இடத்தில் ஒரு சின்னக் கல். சக்கரம் 80 மில்லிமீட்டர்தான். அது கல்லில் தட்டி நிற்கும், உடம்பு நிற்காது.

சரி, இப்போது அந்த "மெதுவாத்தானே போனேன்" விஷயத்துக்கு வருகிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் இதைச் சொல்கிறார்கள், கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. முன்னே போகிற வேகம் வேறு, மேலிருந்து கீழே விழுகிற வேகம் வேறு. தடையில்லாமல் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற எதுவும் தரையைத் தொடும்போது மணிக்கு ஏறக்குறைய 16 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். நீங்கள் வேகமாகப் போனாலும் சரி, ஓரமாக நின்று நண்பரிடம் பேசிக்கொண்டிருக்கும்போது ஸ்கேட் நழுவினாலும் சரி, உங்கள் இடுப்பு ஏறக்குறைய அதே உயரத்திலிருந்துதான் கீழே வருகிறது. அதற்கு அரை நொடி கூட ஆகாது. அந்த அரை நொடியில் கை தானாக நீளும், நீங்கள் யோசித்து நீட்டுவதில்லை. "நான் கை ஊன்ற மாட்டேன், உருண்டுவிடுவேன்" என்று தைரியமாகச் சொல்கிறவர்களும் எதிர்பாராத விழுகையில் கையைத்தான் ஊன்றுகிறார்கள். மெதுவாகப் போனேன், நின்றுகொண்டிருந்தேன், வீட்டு வாசலுக்கு வந்துவிட்டேன் என்பதெல்லாம் மணிக்கட்டு எலும்புக்குத் தெரியாது.

இது என் அனுபவம் மட்டும் இல்லை. 1996ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் ஆய்வு வந்தது, அமெரிக்க அவசரச் சிகிச்சைப் பிரிவுகளுக்கு அடிபட்டு வந்த 161 இன்லைன் ஸ்கேட்டர்களைப் பற்றியது. அதிகம் அடிபட்டது மணிக்கட்டில்தான். மொத்தக் காயங்களில் நான்கில் ஒன்று மணிக்கட்டு முறிவு. வயதையும் பாலினத்தையும் கணக்கில் எடுத்த பிறகு, கார்டு போடாதவர்களுக்கு மணிக்கட்டில் அடிபடும் வாய்ப்பு ஏறக்குறைய பத்து மடங்கு.

"கார்டு போட்டா முறிவு முன்கையில வருமாமே" என்று ஒரு வாதம் உண்டு. கார்டின் மேல் விளிம்பை ஒட்டி முன்கை எலும்பு முறிந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் எழுதியிருக்கிறார்கள், பொய் இல்லை. அதற்காகக் கார்டை வீட்டில் வைத்துவிட்டுப் போவது எந்த ஊர் நியாயம்? உள்ளங்கைப் பக்கம் உள்ள வளைந்த தகடு கை பின்னால் மடங்குவதைத் தடுக்கிறது, தரையில் வழுக்கிப்போய் அடியையும் குறைக்கிறது. தகடு வழுக்க வேண்டுமென்றால் பட்டை இறுக்கமாக இருக்க வேண்டும். ஒட்டும் பட்டை நைந்துபோன பழைய கார்டு விழும்போது சுற்றிக்கொண்டு போய்விடும், அதைத் தூக்கிப்போடுங்கள்.

கட்டுப் பிரித்த கையை நீங்கள் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். தோல் செதில் செதிலாக உரியும், முன்கை மெலிந்திருக்கும், விரல் முழுதாக மடங்காது. உள்ளங்கையை மேலே திருப்பிக் காட்டுங்கள் என்றால், முழங்கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு தோள்பட்டையையே சாய்த்துத் திருப்பப் பார்ப்பார்கள். முன்கை திரும்பாது. சாவி போட்டுக் கதவு திறக்க, சில்லறை வாங்க, முகம் கழுவ, எல்லாவற்றுக்கும் அந்தத் திருப்பம் வேண்டும். அதைத் திரும்பக் கொண்டுவரச் சிலருக்கு மாதக்கணக்கில் ஆகிறது. வலியில் அவர்கள் பல்லைக் கடிப்பதைப் பார்த்துக்கொண்டே திருப்புகிறவள் நான்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குதிகால் பிரேக்கைக் கழற்றாதீர்கள், அழகாக இல்லை என்பது ஒரு காரணமே இல்லை. வேறு விதமாக நிற்கத் தெரியும் என்றால், இறக்கத்திலும் நிற்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள். கல் கிடக்கும் இடத்தில் ஒரு காலை முன்னே, ஒரு காலைப் பின்னே வைத்துப் போங்கள். ஹெல்மெட் ஒரு முறை பலமாக அடி வாங்கினால் மாற்றிவிடுங்கள், வெளியே விரிசல் தெரியாவிட்டாலும். விழப் பழகுங்கள்: முழங்கால் பேட் முதலில், பிறகு முழங்கை, பிறகு விரலைத் தூக்கியபடி உள்ளங்கைத் தகடு. வாரத்துக்கு ஒரு தரம் ஐந்து நிமிடம் போதும்.

அப்புறம் ஒரு வேண்டுகோள், இதைக் கட்டாயம் படியுங்கள். விழுந்த பிறகு "சுளுக்குதான்" என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள், தேய்த்து நீவவும் வேண்டாம். கட்டைவிரலை நன்றாக விரித்துத் தூக்குங்கள், அதன் அடியில், மணிக்கட்டுப் பக்கம், இரண்டு நரம்புபோலத் தெரியும் தசைநாண்களுக்கு நடுவே ஒரு குழி விழும். அந்தக் குழியில் அழுத்தினால் வலிக்கிறதா? அங்கே ஸ்கேஃபாய்டு என்று ஒரு சின்ன எலும்பு இருக்கிறது. அது முறிந்தால் முதல் எக்ஸ்ரேயில் தெரியாமலும் போகும். அதற்கு ரத்த ஓட்டம் விரல் பக்கத்திலிருந்து பின்னோக்கி வருவதால், கவனிக்காமல் விட்டால் கூடாமலே நின்றுவிடவும் செய்யும், ஒரு துண்டு செத்துப்போகவும் செய்யும். எனவே எக்ஸ்ரே சரியாக இருக்கிறது என்று சொன்னாலும் அந்த இடத்தில் வலி இருந்தால் கையை அசையாமல் கட்டிவிடச் சொல்லுங்கள், பத்துப் பதினான்கு நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள், தேவைப்பட்டால் எம்ஆர்ஐ பற்றியும் கேளுங்கள். போன வாரம் விழுந்து இன்னும் அங்கே வலிக்கிறது என்றால் இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.