மொபானே புழு: பட்டு நெய்யாத பட்டுப்பூச்சி

போட்ஸ்வானாவின் 5 பூலா நாணயத்தில் ஒரு புழுவைப் பொறித்திருக்கிறார்கள். அதுதான் மொபானே புழு. தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியா பக்கமெல்லாம் சாப்பிடுவதற்கென்று சந்தையில் காய்ந்தது குவியல் குவியலாகக் கிடைக்கும்.

பெயர் போட்ஸ்வானாவில் பேசும் செட்ஸ்வானா மொழியிலிருந்து வந்தது. அங்கே புழுவுக்குப் 'பானே' என்று பெயர், அதோடு மரப்பெயர்களுக்கு முன்னால் வரும் 'மொ' சேர்ந்தால் அது மேயும் மரம், மொபானே. ஆங்கிலக்காரர்கள் மரத்தின் பெயரை எடுத்து அதில் புழுவை ஒட்டவைத்துவிட்டார்கள். இன்னொன்று, ஆங்கில எழுத்தில் 'மோஃபானே' மாதிரி தெரிந்தாலும் அது ஃ இல்லை, மூச்சழுத்திச் சொல்லும் ப. ஜிம்பாப்வேயின் ஷோனாக்காரர்களுக்கு இதே புழு 'மடோரா'. அந்நாட்டின் இன்னொரு மொழியான இந்தெபெலேயில் உள்ள பெயரில் நாக்கைச் சொடுக்கும் ஒலி ஒன்று வரும், அதற்கு நம்மிடம் எழுத்தே கிடையாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ஆங்கிலத்தில் இந்தப் புழு சேர்ந்த பூச்சிக் குடும்பத்தையே 'ராட்சதப் பட்டு அந்து' என்கிறார்கள் என்பதால் சிலர் 'ஆப்பிரிக்கப் பட்டுப்புழு' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. டசர் பட்டு தரும் பூச்சியும் மேற்குத்தொடர்ச்சி மலையில் காணும் அட்லஸ் பூச்சியும் இதே குடும்பம்தான், ஆனால் அவை கூடு கட்டும். மொபானே புழுவோ தின்று கொழுத்ததும் மரத்தைவிட்டு இறங்கி மண்ணுக்குள் புதைந்து, கூடே இல்லாமல் கூட்டுப்புழுவாகிவிடுகிறது. அதற்கு முன்னால் ஆள் கையில் சிக்கினால் குடலைப் பிதுக்கி, உப்புநீரில் வேகவைத்து, வெயிலில் காயப்போட்டுவிடுவார்கள்.

ஆங்கிலத்தில் இன்னொரு சிக்கல், மண்புழுவுக்கான சொல்லை இதற்கும் வைத்திருக்கிறார்கள். தமிழில் அந்தத் தொல்லை இல்லை, இலை தின்னும் இளம்பருவத்தையும் நாம் புழு என்றுதான் சொல்கிறோம். ஆக 'மொபானே புழு' அப்படியே சரி.

வளர்ந்த பூச்சிக்குத்தான் யோசிக்கவேண்டும். பாடப்புத்தகம் அந்துப்பூச்சி என்கிறது, ஆனால் அந்து என்றாலே நமக்கு அரிசிமூட்டைதானே நினைவுக்கு வரும்? இது சிறகை விரித்தால் கிட்டத்தட்ட 12 செ.மீ., பின்சிறகில் ஆரஞ்சு நிறக் கண்ணுரு வேறு, வாய் வேலை செய்யாததால் எதுவும் தின்னாமல் சில நாளில் செத்துப்போகும் உயிர். அதனால் 'மொபானே விட்டில்' என்பதே என் தேர்வு. அறிவியல் பெயர் தேவைப்படும் இடத்தில் கோனிம்பிரேசியா பெலினா என்று ஒருமுறை போட்டால் போதும்.