உறுதியை லெமினேட் பண்ணாதேங்கோ

கிளிநொச்சியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறேன். போன கிழமை முள்ளியவளைப் பக்கத்து ஐயா ஒருவர் சொப்பின் பைக்குள்ளிருந்து பழைய பேப்பர் சுற்றிய காணி உறுதியை எடுத்தார். 2009இல் இடம்பெயர்ந்த நேரம் முழுக்க இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தாராம். பேப்பர் பட்ட பக்கம் தேயிலைச் சாயம் மாதிரி. மடிப்பைத் தொட்டாலே உதிர்ந்தது.

“தம்பி, இதை லெமினேட் பண்ணித் தாங்கோ.”

“வேண்டாம் ஐயா” என்றேன்.

மரத்தின் நார்களைப் பிடித்து வைத்திருக்கும் பசை லிக்னின். மரத்தின் காற்பங்கு அளவு அதுதான். செய்தித்தாளுக்கு மரத்தை அரைத்தே கூழாக்குவது வழக்கம். லிக்னின் உள்ளேயே கிடக்கும். வெயிலும் காற்றும் பட அதுதான் மஞ்சளாகும், அமிலமும் விடும். சுற்றிய பேப்பரிலிருந்து அதுதான் உறுதிக்கும் ஏறியிருக்கிறது. ஏ4 தாளுக்கு மரச்சீவலைக் கோஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில் 170 பாகை மட்டில் அவிப்பார்கள். லிக்னின் கரைந்து கறுத்த சாறாகிவிடும்; மரத்தில் பாதிதான் கூழாக மிஞ்சும். அந்தச் சாறே ஆலைக் கொதிகலனுக்கு எரிபொருள். கோஸ்டிக் சோடா எங்களுக்குப் புதிதா என்ன? ஆனையிறவு உப்பிலிருந்து பரந்தனில் ஒருகாலம் அதைத்தானே எடுத்தார்கள். வாழைச்சேனைக் கடதாசி ஆலை வைக்கோலையே அவித்தது. நாங்கள் வயலில் கொளுத்துகிறோம்.

ஐயாவின் உறுதிக்கு இன்னொரு வியாதியும் உண்டு. மை ஊறாமலிருக்க அந்தக்காலத் தாளில் படிகாரமும் பைன் பிசினும் சேர்த்தார்கள். படிகாரத்தின் அமிலம் தாளை உள்ளிருந்தே தின்னும். லெமினேட் அடித்தால் அந்த அமிலமும் உள்ளேயே அடைபடும். சூட்டில் ஒட்டிய பசையைப் பிறகு தாள் கிழியாமல் உரிக்கவும் ஏலாது.

வங்கித் துண்டுகள் இன்னும் மோசம். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு அக்காவின் பணவைப்புத் துண்டை லெமினேட் மெஷினுக்குள் விட்டேன். மறுபக்கம் கரிக்கட்டை மாதிரி வந்தது. அந்தத் தாளில் மை இல்லை, சூடு பட்டால் கறுக்கும் பூச்சுத்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. அக்கா ஏசவில்லை; அதுதான் கூடக் கஷ்டமாக இருந்தது. அப்படித் துண்டு கிடைத்தால் அன்றைக்கே கொப்பி எடுத்து வையுங்கோ.

ஐயாவின் உறுதியை மெதுவாக விரித்து ஸ்கான் பண்ணி, இரண்டு கொப்பி எடுத்தேன். உறுதிக்கு மேலும் கீழும் ஒவ்வொரு வெள்ளை ஏ4 தாள். இப்போதைய ஏ4இல் பெரும்பாலும் சுண்ணாம்புத் தூள் கலந்திருக்கும், அது அமிலத்தை அடக்கும். மடிக்காமல் பெரிய மட்டைக் கோப்புக்குள் வைத்துக் கொடுத்தேன். பதிவு செய்த உறுதியென்றால் காணிப் பதிவகத்திலும் சான்றுப்படுத்திய பிரதி ஒன்று எடுக்கச் சொன்னேன்.

பழைய பேப்பரை எறியப் போனேன். ஐயா விடவில்லை, அதை வேறாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.