காலி சானல் ஏழு, இடம் மட்டும் இல்லை

ஜூன் பிறந்துவிட்டால் சித்தூர்ப் பக்கத்து மாம்பழக் கூழ் ஆலைகளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கிளிமூக்குப் பழம் டிராக்டர் டிராக்டராக வாசலில் வந்து நிற்கும். அப்படி ஒரு சீசனுக்கு நான்கு நாள் முன்பு ஓர் ஆலையில் கண்ட்ரோல் பேனல் வேலை. கூழைச் சூடாக்கும் இடத்தில் இன்னொரு நீராவி வால்வு வேண்டுமாம். "அண்ணா, இன்கொகட்டி பெட்டலேமா?" என்றார் ஆபரேட்டர். இன்னொன்று போட முடியாதா என்கிறார். எங்கள் ஊர்ப் பேச்சு இப்படித்தான், கேள்வி தெலுங்கில் வரும், பதில் தமிழில் போகும்.

பேனலுக்குள் இயந்திரங்களை ஓட்டும் கம்ப்யூட்டரான பிஎல்சியின் கார்டுகளைப் பார்த்தேன். வெளியிலிருந்து வரும் கம்பிகள் சேரும் பலகைகள் அவை, ஒவ்வொரு இணைப்பும் ஒரு சானல். அளவை உள்ளே வாங்குவது இன்புட், ஆணையை வெளியே அனுப்புவது அவுட்புட். அனலாக் என்றால் கூடிக் குறையும் அளவு, டிஜிட்டல் என்றால் ஆன், ஆஃப் மட்டும். 16 அனலாக் இன்புட்டில் 7 காலி. அனலாக் அவுட்புட் 4, நான்கும் நிறைந்துவிட்டது. வால்வுக்கு வேண்டியதோ அவுட்புட். ஏழு காலி இடம் கண்ணெதிரே இருந்தும் "முடியாது" என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது.

ஏன் முடியாது? ஒவ்வொரு கம்பியிலும் இரண்டே கேள்விதான்: கரண்ட்டைத் தள்ளுவது யார், அளப்பது யார்? இன்புட் சானலில் வெளியே வெப்பம், அழுத்தம் போன்றவற்றை அளந்து கரண்ட்டாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர்தான் கரண்ட்டின் அளவை முடிவு செய்கிறது, 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரை. கார்டுக்குள் அது 250 ஓம் ரெசிஸ்டர் வழியே போனால் 1 முதல் 5 வோல்ட் கிடைக்கும். கார்டு அதை அளந்துகொள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. (பூஜ்யத்தில் தொடங்காமல் 4-இல் தொடங்குவது ஏன் என்றால், கம்பி அறுந்தால் பூஜ்யம் வரும், உடனே தெரிந்துவிடும்.) அவுட்புட் சானலில் தள்ளுவது கார்டு. அதற்குக் கரண்ட்டைத் தள்ளும் டிரான்சிஸ்டர் சர்க்யூட் வேண்டும். இன்புட் கார்டில் அது கிடையவே கிடையாது. இல்லாததை சாஃப்ட்வேரில் கொண்டுவர முடியாது.

ஆனால் ஒரு சானலை இன்புட்டாகவோ அவுட்புட்டாகவோ விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் கார்டும் உண்டு. அதில், கம்பி மாட்டும் ஒவ்வொரு டெர்மினலுக்குப் பின்னாலும் தள்ளும் பகுதி, அளக்கும் பகுதி இரண்டையும் வைத்துவிடுகிறார்கள். எது எப்போது வேலை செய்ய வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் சின்ன எலக்ட்ரானிக் சுவிட்சுகள் பார்த்துக்கொள்ளும். தள்ளு என்றால் வால்வுக்கு அவுட்புட். அள என்றால் இன்புட். வோல்டேஜை அளந்து 15-க்கு மேலே ஆன், 5-க்குக் கீழே ஆஃப் என்று எடுத்துக்கொண்டால் அதுவே டிஜிட்டல் இன்புட். எனக்கு மிகவும் பிடித்தது வெப்பநிலை சென்சார். பிடி-100 என்கிற பிளாட்டினக் கம்பி 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம். கார்டு 1 மில்லி ஆம்பியர் தள்ளி, வரும் வோல்டேஜைத் தானே அளக்கிறது. தள்ளுவதும் அளப்பதும் ஒரே சமயத்தில்!

அந்த ஆலையின் கணக்கையே பாருங்கள். டிஜிட்டல் இன்புட் 18, அனலாக் இன்புட் 9, அனலாக் அவுட்புட் 4, டிஜிட்டல் அவுட்புட் 10, ஆக 41. வகைக்கு வகை கார்டு வாங்கியதில் 6 கார்டு, 68 சானல், 27 சும்மா கிடக்கிறது. மாற்றிக்கொள்ளும் 16 சானல் கார்டு என்றால் மூன்றே போதும். 48-இல் 7 மிச்சம், அந்த ஏழும் எதுவாகவும் ஆகும்.

அப்படியானால் பழைய கார்டுகளைத் தூக்கிப் போட்டுவிடலாமா? நான் போடமாட்டேன். ஒரு சானலுக்கு ஆகும் விலை பார்த்தால் பழசுதான் மலிவு. 230 வோல்ட் வரும் இடத்துக்கும், வேகமாக பல்ஸ் எண்ணும் இடத்துக்கும் தனிக் கார்டே நல்லது. சூடு இன்னொரு பிரச்சினை. 24 வோல்ட்டில் 20 மில்லி ஆம்பியர் தள்ளினால் 0.48 வாட். எதிரே இருக்கும் ரெசிஸ்டன்ஸ் சிறியதாக இருந்தால் அதில் பெரும்பகுதி கார்டுக்குள்ளேயே சூடாக நிற்கும். 16 சானலும் அப்படி ஓடினால் சுமார் 7.7 வாட், அதுவும் சித்தூர் வெயிலில் மூடிய பேனலுக்குள். அப்புறம், நள்ளிரவில் கார்டு மாற்ற வருபவருக்கு "இது இன்புட்" என்று கார்டே சொல்லிவிடுவது பெரிய நிம்மதி. மாற்றிக்கொள்ளும் கார்டில் சாஃப்ட்வேர் செட்டிங் தவறினால், அளக்க வேண்டிய சானல் தள்ளத் தொடங்கிவிடும்.

எங்களுக்குப் புது அவுட்புட் கார்டு வந்து சேர பன்னிரண்டு நாளாயிற்று. பழம் காத்திருக்குமா? அதுவரை ஆபரேட்டர், கண்ணை வெப்பநிலை மீட்டரில் வைத்துக்கொண்டு, பைபாஸ் வால்வைக் கையால் திருகிக்கொண்டிருந்தார்.