வெளிநாட்டு லைசென்ஸுடன் கொழும்பிலிருந்து கேம்பர் வேன் ஓட்ட வேண்டுமா? அனுமதி எடுக்கும் முறை

கனடாவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ வரும் கணவனும் மனைவியும் கொழும்பில் கேம்பர் வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, யாழ்ப்பாணம், திருகோணமலை, மட்டக்களப்பு என்று நாட்டைச் சுற்றிவரலாம். வேனைத் தேடுவதில் காட்டும் கவனத்தை அனுமதிப்பத்திரத்திலும் காட்டுங்கள். வெளிநாட்டு லைசென்ஸை மட்டும் வைத்துக்கொண்டு இலங்கையில் வாகனம் ஓட்ட முடியாது. சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் இருந்தாலும், அதை இங்கே அங்கீகரித்து வாங்கிய பிறகுதான் செல்லும்.

உங்கள் சர்வதேச அனுமதிப்பத்திரத்தின் அட்டையைப் பாருங்கள். அது எந்த உடன்படிக்கையின் கீழ் வழங்கப்பட்டது என்று அதில் அச்சிட்டிருக்கும்: 1949 செப்டெம்பர் 19 அல்லது 1968 நவம்பர் 8. இலங்கை 1949 ஜெனீவா வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையில் சேர்ந்த நாடு, 1968 வியன்னா உடன்படிக்கையில் சேரவில்லை. கனடா, பிரித்தானியா, இந்தியா ஆகிய நாடுகளில் 1949 பத்திரம் கிடைக்கும். பிரித்தானியாவில் பல வகைகள் இருப்பதால் 1949 என்று சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும். ஜெர்மனியும் சுவிட்சர்லாந்தும் 1949 உடன்படிக்கையை ஏற்காத நாடுகள், அங்கே கொடுப்பது 1968 பத்திரம். நம்மவர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இந்த இடத்தில்தான். கையில் சர்வதேசப் பத்திரம் இருக்கிறதே என்று நம்பி வந்து, கருமபீடத்தில் நின்றுதான் 1968 பத்திரம் இங்கே செல்லாது என்பதை அறிகிறார்கள்.

1949 பத்திரம் உள்ளவர்கள் கொழும்பு 3இல், காலி முகத்திடலுக்கு அருகே சேர் மொஹமட் மாக்கான் மாக்கார் மாவத்தையில் உள்ள இலங்கை ஓட்டோமொபைல் சங்கத்துக்குப் போக வேண்டும். கடவுச்சீட்டு, சொந்த நாட்டு லைசென்ஸ், சர்வதேசப் பத்திரம் மூன்றின் மூலப்பிரதிகளையும் கொண்டுபோங்கள். போட்டோப் பிரதிகளும் இரண்டு கடவுச்சீட்டு அளவுப் படங்களும் கையில் இருந்தால் அலைச்சல் இல்லை. 1949 பத்திரத்துக்கு ஓராண்டுதான் ஆயுள். காலாவதியானதை அங்கீகரிக்க மாட்டார்கள்.

1949 பத்திரம் இல்லாதவர்கள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டும். திணைக்களத்தின் தலைமையகம் நாரஹேன்பிட்டவில் இருப்பதால் பலர் நேரே அங்கே போய் அரை நாளை இழக்கிறார்கள். லைசென்ஸ் வேலை நடப்பது பொரலஸ்கமுவவை அடுத்த வெரஹெரவில். 2025 ஆகஸ்ட் முதல் கட்டுநாயக்க விமான நிலையத்திலும் இதற்கென ஒரு கருமபீடம் இயங்குகிறது. அது பெரிய வசதி, வந்திறங்கிய கையோடு முடித்துவிடுங்கள். லைசென்ஸ் ஆங்கிலத்தில் இல்லையென்றால் மொழிபெயர்ப்பும் தேவைப்படும். வெரஹெரவுக்கோ சங்கத்துக்கோ போவதானால் நாட்காட்டியைப் பாருங்கள், போயா (பௌர்ணமி) தினத்தில் அலுவலகம் பூட்டு.

இனி, இருவராகப் போகிறவர்களுக்கு மிக முக்கியமான விஷயம். அனுமதி ஆளுக்குத்தான், வாகனத்துக்கு அல்ல. கணவர் மட்டும் எடுத்துக்கொண்டு, வவுனியா தாண்டி அவர் களைத்ததும் மனைவி ஸ்டியரிங்கைப் பிடிப்பது வழக்கமாக நடக்கிறது. அந்த நேரத்தில் மோதல் ஏற்பட்டால் பொலிஸ் வழக்கு ஒருபுறம், காப்புறுதி கைவிரிப்பது மறுபுறம். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அதை ஒருவரே ஓட்டுவது நல்லதல்ல. இருவரும் ஒரே நாளில் போய் ஆளுக்கொன்று எடுத்துவிடுங்கள். வாடகை ஒப்பந்தத்திலும் இருவர் பெயரும் சாரதிகளாக எழுதப்பட்டிருக்கட்டும்.

வேனின் வகையும் பார்க்க வேண்டும். பி வகுப்பு லைசென்ஸில் சாரதியுடன் 9 இருக்கைக்கும் 3,500 கிலோகிராமுக்கும் மேற்படாத வாகனம்தான் ஓட்டலாம். டொயோட்டா ஹயஸ் வேனை மாற்றிச் செய்த கேம்பர்கள், பதிவிலுள்ள இருக்கை எண்ணிக்கையைப் பொறுத்து, இதற்குள் அடங்கலாம். கோஸ்டர், ரோசா போன்ற சிறிய பஸ்களை மாற்றியிருந்தால் கதை வேறு. உள்ளே இருக்கையைக் கழற்றிக் கட்டில் போட்டதால் மட்டும் வகுப்பு மாறாது. பதிவுப் புத்தகத்தில் என்ன வகை, எத்தனை இருக்கை என்று எழுதியிருக்கிறதோ அதுதான் கணக்கு. முற்பணம் கொடுக்குமுன் அதன் பிரதியையும், நடப்பாண்டு வருமான அனுமதிப்பத்திரத்தையும் (வாகனத்துக்கு ஆண்டுதோறும் எடுக்கும் பத்திரம்), காப்புறுதிச் சான்றிதழையும் வாங்கிப் பாருங்கள். வருமான அனுமதிப்பத்திரத்தின் முடிவுத் திகதி உங்கள் பயணத்தின் நடுவே வந்தால் உரிமையாளரிடம் சொல்லிப் புதுப்பித்த பிறகே புறப்படுங்கள். சமையலுக்கு காஸ் சிலிண்டர் வைத்திருந்தால், வண்டி ஓடும்போது ரெகுலேட்டரை மூடி, சிலிண்டரை நிமிர்த்திப் பட்டியால் கட்டியிருக்க வேண்டும்.

வேக எல்லை ஊருக்குள் மணிக்கு 50, வெளியே 70, அதிவேக நெடுஞ்சாலையில் 100 கிலோமீற்றர். வில்பத்து, யால போன்ற தேசிய பூங்காக்களுக்குள் நினைத்த இடத்தில் வேனை நிறுத்தித் தூங்க அனுமதியில்லை. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில் முன்பதிவு செய்த முகாம் இடங்களிலோ விடுதிகளிலோ மட்டுமே இரவு தங்கலாம்.

வீதியில் தண்டச் சீட்டு எழுதினால், 14 நாட்களுக்குள் தபால் நிலையத்தில் கட்டுங்கள். அதன்பின் 28ஆம் நாள்வரை இரு மடங்கு, அதற்கும் பிந்தினால் நீதிமன்றம். பத்திரத்தைப் பொலிஸார் வைத்துக்கொண்டிருந்தால், பணம் கட்டிய ரசீதைக் காட்டி அந்தப் பொலிஸ் நிலையத்திலேயே திரும்பப் பெற வேண்டும். யாழ்ப்பாணத்தில் சீட்டு வாங்கி, கொழும்பு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பிவிட்டால் திரும்ப 400 கிலோமீற்றர் ஓட வேண்டிவரும்.