நீலத்துலேருந்து சிவப்பு: க்யூடி-ஓலெட் டிவி எப்படி வேலை செய்யுது?

ஓலெட்னா ஒவ்வொரு பிக்சலும் தானே வெளிச்சம் விடும், பேக்லைட் கிடையாது, கருப்பு வேணும்னா அந்த பிக்சல் அணைஞ்சிரும், இது தெரிஞ்ச கதைதான். ஆனா கலர் எங்கேருந்து வருது? எல்ஜி டிஸ்ப்ளேவோட டிவி பேனல்ல பிக்சல் வெள்ளை வெளிச்சம் விடும், மேல கலர் ஃபில்டர் இருக்கும். சிவப்பு வேணும்னா மத்ததையெல்லாம் ஃபில்டர் முழுங்கிரும், கரண்ட் செலவு பண்ணி உண்டாக்கின வெளிச்சத்துல பெரும்பங்கு வீண்தான். அத ஈடுகட்ட ஃபில்டரே இல்லாத வெள்ளை சப்பிக்சல் (ஒரு பிக்சலுக்குள்ள ஒவ்வொரு கலருக்கும் இருக்கற குட்டிப் பகுதி) ஒண்ணு சேர்த்தாங்க, அதனால பிரைட்னஸ் ஏறும்போது கலர் கொஞ்சம் வெளுத்துப்போகும்.

சாம்சங் டிஸ்ப்ளே 2021 கடைசில தயாரிக்க ஆரம்பிச்ச க்யூடி-ஓலெட்ல (க்யூடின்னா குவாண்டம் டாட்) வழியே வேற. அடியில முக்கியமா நீல வெளிச்சம். நீல சப்பிக்சல்ல அது அப்படியே வெளிய வரும், சிவப்புலயும் பச்சைலயும் மட்டும் மேல குவாண்டம் டாட் பூசியிருக்கும், அதையும் இன்க்ஜெட் பிரிண்டர் வெச்சு அச்சடிக்கறாங்கங்கறது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

குவாண்டம் டாட்ங்கறது சில நானோமீட்டர் அளவுல இருக்கற செமிகண்டக்டர் துகள். நீல வெளிச்சம் பட்டதும் உள்ள இருக்கற எலக்ட்ரான் மேல தாவும், திரும்ப கீழ இறங்கும்போது வேற கலர்ல வெளிச்சம் விடும். என்ன கலர்ங்கறத துகளோட சைஸ் முடிவு பண்ணும்: ஒரே பொருள்தான், சின்னதா இருந்தா பச்சை, பெருசா இருந்தா சிவப்பு. துகள் சின்னதாக சின்னதாக எலக்ட்ரானுக்கு இடம் நெருக்கடியாகி எனர்ஜி இடைவெளி கூடுது, அவ்வளவுதான். இதக் கண்டுபிடிச்சு உருவாக்கினதுக்குத்தான் எகிமோவ், புரூஸ், பவெண்டிங்கற மூணு விஞ்ஞானிகளுக்கும் 2023ல வேதியியல் நோபல் குடுத்தாங்க.

ஏன் நீலத்துலேருந்து ஆரம்பிக்கணும்? மூணு கலர்ல அதுக்குத்தான் எனர்ஜி ஜாஸ்தி. ஐநூறு ரூபா நோட்ட மாத்தி நூறு ரூபா வாங்கலாம், ஒத்த நூறு ரூபாய குடுத்து ஐநூறு கேட்க முடியுமா? மிச்ச எனர்ஜி சூடா போயிரும்.

வடிகட்டாம மாத்தறதால சிவப்பும் பச்சையும் ரொம்ப சுத்தமா வருது, வெள்ளை சப்பிக்சல் தேவையில்ல, ஃபுல் பிரைட்னஸ்லயும் கலர் கெடாது. டாட் எல்லா பக்கமும் வெளிச்சம் விடறதால சைடுல உக்காந்து பாத்தாலும் கலர் பெருசா மாறாது.

குறையும் இருக்கு. இதுல வழக்கமான போலரைசர் ஷீட் (வெளி வெளிச்சம் திரையில பட்டு திரும்பறத தடுக்கற ஷீட்) இல்ல, அதனால வெளிச்சமான ரூம்ல கருப்பு லேசா ஊதா கலந்த சாம்பலா தெரியும், ஜன்னலுக்கு எதிர்ல மாட்டறவங்களுக்கு நான் இத சிபாரிசு பண்ணமாட்டேன். மானிட்டரா வாங்கினா பல மாடல்ல சப்பிக்சல் முக்கோணமா அடுக்கியிருக்கறதால எழுத்து ஓரத்துல கலர் கோடு தெரியலாம், ஆனா ரெசல்யூஷன் கூடக்கூட அது கண்ணுக்கு படாம போயிரும்.